நாய்க்குட்டி வாங்கித் தரும் வாப்பாமார்களுக்கு



சென்ற ஷஅபான் மாதம். அஸர் தொழுகைக்கு இகாமத் சொல்லச் சில நிமிடங்களே இருந்தபோது, நம்மிடம் ஓதும் மாணவன் ஒருவனின் தந்தையார் கைப்பேசியில் அழைத்தார். சபரிலிருந்து விடுப்பில் வந்திருந்தவர். "ஹஸ்ரத், வீட்டில் நாய் வளர்க்கலாமா?" என்று கேட்டார். "நாயின் எச்சில் நஜீஸ். நாய் இருக்கும் வீட்டில் மலக்குமார்கள் நுழைய மாட்டார்கள். கூடாது" என்று சொல்லி அழைப்பைத் துண்டித்துவிட்டு ஸஃப்பில் போய் நின்றோம். அரை நிமிடம்கூட ஆகியிருக்காது. மார்க்கத் தீர்ப்பு ஒன்றைத் தயங்காமல் சொல்லிவிட்டோம் என்ற நிறைவும் மனத்தில் இருந்தது, அதை மறைப்பதற்கில்லை.

அவர் கேட்டது நாய் வாங்குவதைப் பற்றியன்று என்பது பின்னரே தெரிந்தது. மகனின் பிடிவாதத்துக்கு இணங்கி முந்தைய விடுப்பில் அவர் வாங்கிக் கொடுத்த லாப்ரடார் குட்டி, இந்த விடுப்பில் முப்பது கிலோவை நெருங்கும் நாயாகி மொட்டை மாடியில் கட்டுண்டு கிடந்தது. அன்றிரவே அதைக் காரில் ஏற்றிச் சென்று, ஊருக்கு வெளியே புறவழிச்சாலையோரம் இறக்கிவிட்டுத் திரும்பிவிட்டார். கேட்டவர்களிடம் "ஹஸ்ரத் சொல்லிவிட்டார்" என்றார்.

பன்னிரண்டு வயதுப் பையன் நான்கு நாள் மதரஸாவுக்கு வரவில்லை. ஐந்தாம் நாள் வந்தான். ஓதி முடித்து மற்றப் பிள்ளைகள் எழுந்து சென்ற பிறகு, கிதாபை நெஞ்சோடு அணைத்தபடி நின்று கேட்டான்: "ஹஸ்ரத், ஜும்ஆ அன்னைக்கு கஹ்ஃப் சூரா ஓதுறோம்ல, அதுல வர்ற நாயை யாராச்சும் ரோட்டுல விட்டுட்டு வந்தாங்களா?"

நம்மிடம் பதில் இல்லை. இருபது ஆண்டுகளாகப் பிள்ளைகளுக்கு ஓதிக்கொடுத்துவரும் நமக்கு அன்று நா எழவில்லை.

அந்தக் கேள்விக்குப் பின் நாம் எண்ணிப் பார்த்தவற்றைத்தான் இங்கே எழுதுகிறோம். நம் நிலைப்பாட்டை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. நம் வீடுகளில் பெரும்பாலானவற்றுக்கு லாப்ரடாரோ கோல்டன் ரெட்ரீவரோ பொருந்தாது. மார்க்கச் சட்டத்தின் பக்கம் நின்று பார்த்தாலும் பொருந்தாது. அந்த நாயின் உரிமையின் பக்கம் நின்று பார்த்தாலும் பொருந்தாது. ஆனால் வாங்கிய பின் 'மார்க்கம் தடுக்கிறது' என்று கூறி அதைத் தெருவில் எறிவது, வாங்கியதைக் காட்டிலும் பெரிய குற்றம். அந்தக் குற்றத்தில் நம்மைப் போன்ற உஸ்தாதுமார்களுக்கும் பங்கு உண்டு.

முதலில் அந்த நாய் யாது என்று பார்ப்போம். வாங்குபவர்களில் பலருக்கு அதன் நிறமும், விளம்பரங்களில் குழந்தைகளோடு அது சிரிப்பதுபோல் நிற்கும் தோற்றமுமே தெரியும். லாப்ரடாரின் மூதாதை கனடாவின் நியூஃபவுண்ட்லாந்துக் கரையில் மீனவர்களோடு குளிர்நீரில் இறங்கி, வலைகளையும் தப்பிய மீன்களையும் இழுத்துவந்த நாய். பிரிட்டனின் பிரபுக்கள் அதைக் கொண்டுசென்று, சுட்டு வீழ்த்திய பறவைகளைச் சேதமின்றி வாயில் கவ்வி எடுத்துவரப் பழக்கினார்கள். 1903இல் பிரிட்டனின் கென்னல் கிளப் அதைத் தனி இனமாக ஏற்றது. கோல்டன் ரெட்ரீவரின் வரலாறும் ஏறத்தாழ இதுவே. ஸ்காட்லாந்தின் மலைப்பகுதியில் ட்வீட்மவுத் பிரபு 1868இல் தொடங்கிய இனச்சேர்க்கையிலிருந்து வந்தது அது. ரெட்ரீவர் என்ற பெயரே 'மீட்டெடுத்து வருவது' என்ற தொழிலைக் குறிப்பதுதான்.

ஆகவே நாள் முழுவதும் ஓடவும், நீந்தவும், எதையேனும் வாயில் கவ்வி எசமானிடம் கொண்டுவந்து கொடுக்கவுமே தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்தெடுத்து உருவாக்கப்பட்ட பிராணி அது. அதன் உடலை மூடியிருப்பது குளிர்நீருக்கென அமைந்த இரட்டை ரோமம். அதன் துறுதுறுப்பு நோயன்று, கெட்ட பழக்கமுமன்று. அதுதான் அதன் படைப்பு. நன்கு வளர்ந்த ஆண் லாப்ரடார் 29 முதல் 36 கிலோ வரை இருக்கும். உடல் ஓராண்டில் பெரிதாகிவிட்டாலும் குட்டித்தனம் இரண்டு மூன்று ஆண்டுகள் வரை போகாது. அதற்கு நாள்தோறும் ஒரு மணி நேரத்துக்குக் குறையாமல், இளம்பருவத்தில் அதற்கு மேலும், நடையும் ஓட்டமும் விளையாட்டும் வேண்டும். கிடைக்கவில்லையென்றால் செருப்பைக் கடிக்கும், மெத்தையைக் கிழிக்கும், விடாமல் குரைக்கும். பிறகு நாம் அதற்கு 'அடங்காத நாய்' என்று பெயர் வைத்து மாடியில் கட்டுவோம்.

அந்த மாணவனின் வீட்டு மாடியை நாம் பின்னர் சென்று பார்த்தோம். சிமெண்டுத் தளம், ஒரு தகரச் சார்ப்பு, ஆறடிச் சங்கிலி. நாய்க்கு நம்மைப்போல் உடலெங்கும் வியர்த்துக் குளிரும் அமைப்பு இல்லை. மூச்சிரைத்துத்தான் தன் சூட்டைத் தணித்துக்கொள்ளும். நம் ஊர்ச் சித்திரை வெயிலில், அந்தத் தளத்தில், அந்த ரோமத்தோடு அது கிடந்திருக்கிறது. கீழே நாம் மின்விசிறியின் அடியில் அமர்ந்து, படைப்பினங்கள்மீது இரக்கம் காட்டுவது பற்றி பயான் கேட்டுக்கொண்டிருந்தோம்.

இனி மார்க்கச் சட்டத்துக்கு வருவோம். இங்கே இரண்டு தனித்தனிக் கேள்விகள் இருக்கின்றன. நாய் தூய்மையானதா என்பது ஒன்று. நாயை வீட்டில் வைத்துக்கொள்ளலாமா என்பது மற்றொன்று. இவ்விரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்வதால்தான் இரு தரப்பிலும் தவறான பேச்சு எழுகிறது.

தூய்மையைப் பற்றி மத்ஹபுகளிடையே வேறுபாடு உண்டு. நம் கடற்கரை ஊர்கள் பின்பற்றும் ஷாஃபிஈ மத்ஹபின்படி நாய் முழுமையாக நஜீஸ். ஈரத்தோடு அது பட்ட இடத்தை ஏழு முறை கழுவ வேண்டும். அவற்றுள் ஒரு முறை மண் கலந்த நீரால் கழுவ வேண்டும். நாயும் நம் கையும் உலர்ந்திருக்கும்போது தொட்டால் எதுவும் ஒட்டாது. ஹனஃபீ மத்ஹபில் எச்சில் நஜீஸ். உடலும் ரோமமும் நஜீஸ் அல்ல என்பதே அம்மத்ஹபின் வலுவான கருத்து. இமாம் மாலிக் (ரஹ்) அவர்களின் மத்ஹபில் உயிருள்ள நாய் தூய்மையானது; பாத்திரத்தைக் கழுவச் சொன்னது வணக்கம் சார்ந்த கட்டளை என்று விளக்குவார்கள்.

இந்த மூன்றாவது கருத்தைத்தான் இப்போது இளைஞர்கள் கைப்பேசியில் ஒருவருக்கொருவர் அனுப்பிக்கொள்கிறார்கள். 'மாலிகீ மத்ஹபில் நாய் சுத்தம். எனவே வளர்க்கலாம்' என்று முடித்துவிடுகிறார்கள். அந்த 'எனவே' எங்கிருந்து வந்தது? தேவையின்றி நாய் வைத்திருப்பவரின் நற்செயல்களிலிருந்து நாள்தோறும் கீராத் அளவு குறைந்துகொண்டே வரும் என்ற நபிமொழியைத் தமது முவத்தாவில் பதிவு செய்தவரே இமாம் மாலிக்தான். நாயைத் தூய்மை என்றவரும் காரணமின்றி அதை வைத்திருக்கச் சொல்லவில்லை. எளிதானதை மட்டும் ஒரு மத்ஹபிலிருந்து எடுத்துக்கொண்டு, அதே இமாம் எடுத்துச் சொன்ன எச்சரிக்கையை விட்டுவிடுவதற்குப் பெயர் ஆய்வு அல்ல.

அந்த நபிமொழி புகாரியிலும் முஸ்லிமிலும் வந்திருக்கிறது. ஓர் அறிவிப்பில் ஒரு கீராத், மற்றோர் அறிவிப்பில் இரண்டு கீராத். விதிவிலக்கு பெற்றவை கால்நடை காக்கும் நாய், வேட்டை நாய், விளைநிலம் காக்கும் நாய். வீட்டுக் காவலுக்கும் இதே காரணம் பொருந்தும் என்று ஒப்புநோக்கி, அதுவே சரியான கருத்து என இமாம் நவவீ (ரஹ்) அவர்கள் ஸஹீஹ் முஸ்லிமின் விரிவுரையில் எழுதியுள்ளார்கள். கண்பார்வையற்றவருக்கு வழிகாட்டும் நாயையும் இக்காலத்து ஆலிம்கள் பலர் தேவை என்ற அடிப்படையில் அனுமதிக்கிறார்கள். அதில் நமக்கு மறுப்பில்லை.

இங்கேதான் ஒரு சகோதரர் நம்மைச் சாமர்த்தியமாக மடக்கப் பார்த்தார். "லாப்ரடார் வேட்டை நாய் இனம்தானே ஹஸ்ரத்? அப்படியென்றால் விதிவிலக்கில் வந்துவிடுகிறதே!" என்றார். சபையில் சிரிப்பும் எழுந்தது. சிரிப்பில் கரைந்துவிடக் கூடாத வாதம் அது. நம் காலத்தில் பலர் மனத்துக்குள் இதைத்தான் சொல்லிக்கொள்கிறார்கள். விலக்கு அளிக்கப்பட்டது நாயின் குலத்துக்கன்று, அது செய்யும் பணிக்கு. அல்மாயிதா அத்தியாயம், அல்லாஹ் நமக்குக் கற்றுத்தந்ததிலிருந்து நாம் பயிற்றுவித்த வேட்டைப் பிராணிகளைப் பற்றிப் பேசுகிறது. அவை நமக்காகப் பிடித்துக் கொடுப்பதை உண்ண அனுமதிக்கிறது. அடுக்குமாடிக் குடியிருப்பின் மூன்றாம் தளத்தில் படுத்திருக்கும் லாப்ரடார் யாருக்காக எதை வேட்டையாடிக் கொடுக்கிறது? 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பிறகு நம் நாட்டில் வேட்டையே குற்றம். வேட்டை இல்லாத ஊரில் வேட்டை நாய் என்ற விலக்கைக் கேட்பது, பயணமே போகாமல் கஸ்ரு தொழுவதைப் போன்றது.

'காவலுக்கு' என்பவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். நாய்களைப் பற்றிச் சிறிது அறிந்தவர் எவரும் லாப்ரடாரைக் காவலுக்குப் பரிந்துரைக்க மாட்டார். முன்பின் தெரியாதவரைக் கண்டாலும் வாலாட்டிக்கொண்டு ஓடிச்சென்று கையை நக்கும் இயல்பு அதற்கு. திருடன் வந்தால் பந்தைக் கொண்டுபோய் அவன் காலடியில் போட்டாலும் போடும். தோப்புக்கோ பட்டிக்கோ உண்மையிலேயே காவல் வேண்டுமென்றால், இந்த வெயிலுக்கும் மண்ணுக்கும் பழகிய ராஜபாளையமும் கோம்பையும் நம் மண்ணிலேயே இருக்கின்றன. அவற்றைக் கேட்பார் இல்லை. அயல்நாட்டு நாயின் பெயர்தான் வேண்டும். ஏனென்றால் எதிர்வீட்டிலும் அதுதான் இருக்கிறது. நோக்கம் பெருமையாக இருக்கும்போது காவல் என்று பெயர் சூட்டுவதால் அந்தக் கீராத் குறையாமல் நின்றுவிடுமா என்பதை அவரவர் தம் உள்ளத்திடம் கேட்டுக்கொள்ளட்டும்.

ஒரு திரைப்படமும் இதில் சேர்ந்துகொண்டது. 2022இல் வந்த '777 சார்லி' என்ற கன்னடப் படம் தமிழிலும் வெளியாயிற்று. நாம் பார்க்கவில்லை, பார்த்த பிள்ளைகள் கதையைச் சொன்னார்கள். கொடுமைக்கார வளர்ப்பாளரிடமிருந்து தப்பிவந்த லாப்ரடாரின் கதையாம் அது. நெருங்கிய இரத்த உறவுக்குள் இனச்சேர்க்கை செய்ததால் அந்த நாய்க்கு நோய் வருகிறதாம். படம் பார்த்து அழுத குடும்பங்கள் மறுவாரமே அதே வகை வளர்ப்பாளர்களிடம் சென்று குட்டி விலை கேட்டிருக்கின்றன. கதையில் யார்மீது குற்றம் சுமத்தப்பட்டதோ, அவரிடமே காசைக் கொண்டுபோய்க் கொடுத்தால், அந்தக் கண்ணீருக்கு என்ன பொருள்?

விலை என்றதும் நினைவுக்கு வருகிறது. நாயின் விலையை நபி (ஸல்) அவர்கள் தடுத்ததாக புகாரியில் இருக்கிறது. ஷாஃபிஈ மத்ஹபில் நாய் விற்பனையே செல்லாது. ஹனஃபீ அறிஞர்கள் பயன் தரும் நாயின் விற்பனையை அனுமதித்துள்ளனர். பல்லாயிரம் ரூபாய் கொடுத்து வாங்கியவர்களில் எத்தனை பேர் இதைக் கேட்டுத் தெரிந்துகொண்டு வாங்கினார்கள்? சட்டமும் ஒன்று சொல்கிறது. எட்டு வாரம் நிரம்பாத குட்டியை விற்கக் கூடாது என்பது 2017ஆம் ஆண்டின் மத்திய அரசு விதி. நம் மாணவன் வீட்டுக்கு வந்த குட்டிக்கு அப்போது வயது நாற்பது நாள். தாயின் மடியிலிருந்து பிடுங்கப்பட்ட குட்டி முதல் வாரம் முழுவதும் இரவில் அழுததாம். ஒரு பயணத்தில் தோழர்கள் சிலர் சிறு பறவையின் குஞ்சுகளை எடுத்துவிட, தாய்ப்பறவை தவித்துச் சிறகடித்ததைக் கண்ட நபி (ஸல்) அவர்கள், குஞ்சுகளைத் திருப்பிக் கொடுக்கச் சொன்ன நிகழ்ச்சியை நாம் மதரஸாவில் கதையாகச் சொல்கிறோம். கதையாக மட்டும்.

இப்போது நம் வீட்டுக்குள் வருவோம். உண்மையில் தீர்மானிக்க வேண்டிய இடம் இதுதான். வாங்குவதற்கு முன் வாப்பா தம் வீட்டைச் சுற்றி ஒருமுறை கண்ணோட்டம் விட்டால் போதும்.

ரெட்ரீவர் வாயால் வாழும் பிராணி என்றோம். கவ்வுவதும் நக்குவதும் அதன் அன்பின் மொழி. இதன் எச்சில் வீட்டில் நிறையப் பரவும் என்று கொள்ளலாம். கூடத்தில் பாட்டியாரின் முஸல்லா விரித்திருக்கும். பிள்ளை அதே தரையில் அமர்ந்து குர்ஆன் ஓதும். உளூ செய்த ஈரக் காலோடு ஆட்கள் நடப்பார்கள். ஷாஃபிஈ வீட்டில் ஒரு நாளைக்கு எத்தனை முறை, எத்தனை இடத்தை, ஏழு தடவை கழுவ முடியும்? மூன்றாம் மாடியில் மண்ணுக்கு எங்கே போவது? கோடையில் தண்ணீர் லாரிக்குக் குடத்தோடு நிற்கும் தெருக்களில் வாழ்பவர்கள் நாம். இறுதியில் ஒன்று நடக்கும்: கழுவுவதை மெல்ல மெல்ல விட்டுவிடுவார்கள், அல்லது நாயை மாடிக்கு ஏற்றிவிடுவார்கள். நாம் அறிந்த வீடுகளில் இரண்டும் நடந்திருக்கின்றன. முதலாவதில் தொழுகை கெடுகிறது. இரண்டாவதில் நாய் கெடுகிறது.

அதை நடத்திச் செல்வது யார்? வாப்பா கத்தாரிலோ துபாயிலோ இருக்கிறார். பிள்ளை ஃபஜ்ருக்கே எழுவதில்லை; பிறகு பள்ளிக்கூடம், மாலையில் மதரஸா, இரவில் டியூஷன். மிஞ்சுவது உம்மா. சமையல், மாமியாரின் மருந்து, பிள்ளைகளின் பாடம் எல்லாவற்றுக்கும் மேல், முப்பது கிலோ நாயின் சங்கிலியையும் அவர் கையில் கொடுக்கிறீர்கள். அவர் கேட்டு வாங்கிய நாயா அது? அந்த மாணவனின் தாயார் திரைக்கு அப்பாலிருந்து நம்மிடம் சொன்னது ஒரே ஒரு வாக்கியம்: "வாங்கும்போது யாரும் என்கிட்ட கேக்கல ஹஸ்ரத்." கலந்தாலோசனை பற்றி மேடைகளில் முழங்கும் சமுதாயம் நாம்.

ரமளானில் நோன்பு நாயின்மீது கடமையில்லை. ஸஹருக்குப் பின் எல்லாரும் தூங்கும் வீட்டில் அதற்குக் காலை உணவும் நடையும் யார் கொடுப்பது? குடும்பத்தோடு உம்ரா போகும் பதினைந்து நாள் அது எங்கே இருக்கும்? நம் வீட்டுச் சாப்பாட்டைப் போட்டே வளர்த்துவிடலாம் என்பது இன்னொரு தவறான எண்ணம். வெங்காயமும் பூண்டும் நாய்க்கு நஞ்சு. நம் குழம்பிலும் பிரியாணியிலும் அவை இல்லாத நாள் உண்டா? வேகவைத்த எலும்பு சிம்பாக உடைந்து குடலைக் கிழிக்கும். ஹஜ்ஜுப் பெருநாளில் கழித்த கொழுப்பை அள்ளிப்போட்டால் கணையம் வீங்கி உயிருக்கே ஆபத்தாகும். லாப்ரடாருக்குப் பசி அடங்காது என்பதும் வெறும் பேச்சன்று. பசி அடங்கியதை உணர்த்தும் மரபணு ஒன்று லாப்ரடார்களில் ஏறத்தாழ நான்கில் ஒன்றுக்குப் பழுதுபட்டிருப்பதைக் கேம்பிரிட்ஜ் ஆய்வாளர்கள் 2016இல் கண்டறிந்தார்கள். போட்டதையெல்லாம் தின்னும், பாசமென்று நினைத்து நாம் போட்டுக்கொண்டே இருப்போம், பருத்து, இடுப்பு மூட்டு தேய்ந்து, எழ முடியாமல் கிடக்கும். அதன் ஆயுள் பத்துப் பன்னிரண்டு ஆண்டுகள். இன்று பன்னிரண்டு வயதில் அடம்பிடிக்கும் பிள்ளை, அந்த நாய் கிழடாகும்போது கல்லூரியையும் முடித்துச் சபருக்குப் போயிருப்பான்.

ஆகவே 'லாப்ரடார் நல்ல குணமுள்ளது, பிள்ளைகளைக் கடிக்காது' என்ற ஒரே காரணத்தைச் சொல்லி வாங்காதீர்கள். அது நல்ல குணமுள்ளது என்பது உண்மைதான். நம் வீடு அதற்கு நல்ல வீடா என்பதுதான் கேள்வி.

இனி நம் பக்கத்துத் தவறு. நாயைப் பற்றி நாம் மிம்பரில் பேசும்போதெல்லாம் நஜீஸ் என்ற சொல்லோடு தொடங்கி அதனோடே முடித்துவிடுகிறோம். அதன் விளைவைத் தெருவில் பார்க்கலாம். தொப்பி அணிந்து மக்தப் போகும் சிறுவன் கல்லை எடுத்துத் தெருநாயின்மீது எறிகிறான். பெரியவர் பார்த்துக்கொண்டே போகிறார். அசுத்தமானது என்பதற்கும் வெறுக்கத்தக்கது என்பதற்கும் உள்ள வேறுபாட்டை நாம் கற்றுக்கொடுக்கவில்லை. நம் குழந்தையின் மலமும் நஜீஸ்தான், குழந்தையை எறிந்துவிடுகிறோமா?

தாகத்தால் ஈரமண்ணை நக்கிக்கொண்டிருந்த நாயைக் கண்டு, கிணற்றில் இறங்கி, தன் காலுறையில் நீர் நிரப்பி, ஏறுவதற்குக் கை வேண்டுமென்பதால் அதைப் பல்லால் கவ்விக்கொண்டு மேலே வந்த மனிதரை நபி (ஸல்) அவர்கள் நமக்கு அறிமுகப்படுத்தினார்கள். அவருடைய பாவம் மன்னிக்கப்பட்டது. இன்னோர் அறிவிப்பில் அப்படி நீர் புகட்டியவள் விபச்சாரத்தில் வாழ்ந்த பெண், அவளும் மன்னிக்கப்பட்டாள். பூனையைக் கட்டிப்போட்டு, தானும் உணவளிக்காமல், தேடித் தின்னவும் விடாமல் சாகடித்த பெண் நரகம் சென்றாள் என்பதும் அதே நூல்களில்தான் இருக்கிறது. மாடியில் ஆறடிச் சங்கிலியில் கிடக்கும் நாய்க்கும் அந்தப் பூனைக்கும் என்ன வேறுபாடு? பூனை நஜீஸ் அல்ல என்பதா?

குகைத் தோழர்களின் நாயைப் பற்றிய அந்த மாணவனின் கேள்விக்குப் பிறகு இப்னு கஸீர் (ரஹ்) அவர்களின் விரிவுரையை மீண்டும் எடுத்துப் பார்த்தோம். அந்த நாய் வாசலில் முன்கால்களை நீட்டிப் படுத்திருந்தது. மலக்குமார்கள் நாய் இருக்கும் வீட்டில் நுழைவதில்லை என்பதால் அது வெளியே இருந்தது என்று எழுதுகிறார்கள். அதே இடத்திலேயே, நல்லோரின் கூட்டுறவால் அவர்களுக்குக் கிடைத்த பரக்கத் அந்த நாயையும் சூழ்ந்துகொண்டது என்றும் எழுதுகிறார்கள். உள்ளே விடவில்லை, விரட்டவும் இல்லை. வாசல் என்று ஓர் இடம் இருந்திருக்கிறது. நம் அரை நிமிடப் பதிலில் அந்த வாசல் இல்லாமற்போய்விட்டது.

நபி (ஸல்) அவர்களின் இல்லத்தில் கட்டிலுக்கு அடியில் ஒரு நாய்க்குட்டி இருந்ததால் ஜிப்ரீல் (அலை) அவர்கள் குறித்த நேரத்தில் வராமலிருந்த நிகழ்ச்சியையும் நாம் அடிக்கடி எடுத்துச் சொல்வோம். அங்கும் குட்டி வெளியேற்றப்பட்டது, இன்னோர் அறிவிப்பின்படி அந்த இடத்தில் தண்ணீர் தெளிக்கப்பட்டது. தானாக நுழைந்த குட்டியை வெளியேற்றுவது வேறு. பத்து மாதம் வீட்டில் அடைத்து வளர்த்து, தன் உணவைத் தானே தேடத் தெரியாததாக ஆக்கிவிட்டு, லாரிகள் பறக்கும் சாலையில் இறக்கிவிடுவது வேறு. அது அமானிதத்தைத் துரோகம் செய்வது.

நாட்டின் சட்டத்திலும் அது குற்றம். 1960ஆம் ஆண்டின் விலங்குவதைத் தடுப்புச் சட்டத்தின் 11ஆவது பிரிவு, வளர்ப்புப் பிராணியைக் கைவிடுவதைக் குற்றம் என்கிறது. எப்போதும் சங்கிலியில் கட்டிவைத்த நாய்க்கு உரிய உடலசைவு அளிக்காமல் விடுவதையும் அதே பிரிவு தனியாகக் குறிப்பிடுகிறது. முதல் முறைக்கு அபராதம் பத்து ரூபாயிலிருந்து ஐம்பது ரூபாய் வரை. தொகையைக் கேட்டுச் சிரிப்பவர்கள் சிரிக்கட்டும். நாம் பேசுவது வேறொரு கணக்கைப் பற்றி.

ஏற்கெனவே வாங்கிவிட்டவர்கள் என்ன செய்வது என்று கேட்பார்கள். இன்றே மாடியிலிருந்து கீழே கொண்டுவாருங்கள். வீட்டுக்கு வெளியே, வாசற்புறத்திலோ முற்றத்திலோ நிழலும் தண்ணீரும் உள்ள இடம் இருந்தால் அங்கே வையுங்கள். தடுப்பூசியைத் தவறவிடாதீர்கள், வெறிநாய்க்கடி நோயின் அறிகுறி தோன்றிவிட்டால் மனிதனுக்கும் மருந்தில்லை. தொழுகைக்குத் தனி உடையும் தனி இடமும் ஒதுக்குங்கள். வைத்துக்கொள்ள இயலவில்லையென்றால், தோட்டமோ பட்டியோ உள்ள, அதற்கு வேலையும் இடமும் தரக்கூடிய ஒருவரைத் தேடிக் கண்டுபிடித்து ஒப்படையுங்கள். முஸ்லிமாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. அவர் கிடைக்கும்வரை உணவும் நீரும் நடையும் உங்கள் கடமை. ஒரு மாதம் ஆனாலும் சரி.

அந்தச் சகோதரரையும் அழைத்துக்கொண்டு நாம் புறவழிச்சாலைக்குப் போனோம். முதல் நாள் கிடைக்கவில்லை. இரண்டாம் நாள் ஒரு தேநீர்க் கடையின் பின்புறம் சணல் கயிற்றில் கட்டப்பட்டிருந்தது. கடைக்காரர் முருக பக்தர். நெற்றி நிறைய நீறு. "மூணு நாளா அந்த வளைவுலேயே நின்னு ஒவ்வொரு வெள்ளைக் காரையும் பாத்துக்கிட்டு இருந்துச்சு பாய், அடிபட்டுருமேன்னு கட்டிப்போட்டேன்" என்றார். பாலும் ரொட்டியும் கொடுத்திருக்கிறார். காசு கொடுத்தோம்; வாங்கவில்லை. உள்ளங்கால்கள் வெந்து தோல் உரிந்திருந்தன, காதெல்லாம் உண்ணி. தன்னை இறக்கிவிட்டுப் போனவரைக் கண்டதும் கயிறு அறுந்துவிடும்போல் துள்ளி அவர் கையை நக்கியது. அவர் கையை இழுத்துக்கொள்ளவில்லை. நாமும் அப்போது ஏழு முறை கழுவுவதைப் பற்றிப் பேசவில்லை. அதற்குப் பிறகு நேரம் இருந்தது.

இப்போது அது நம் ஜமாஅத்தைச் சேர்ந்த ஒருவரின் தென்னந்தோப்பில் இரண்டு நாட்டு நாய்களோடு இருக்கிறது. ஓடுவதற்கு நான்கு ஏக்கர், நீந்துவதற்குப் பம்புசெட்டுத் தொட்டி. காவலில் பெரிய ஆள் என்று சொல்ல முடியாது. மற்ற இரண்டும் குரைத்தால் இதுவும் சேர்ந்து குரைக்கிறது. விழுந்த தேங்காயைக் கவ்விக்கொண்டு வந்து தோப்புக்காரர் காலடியில் போடுகிறதாம். மாணவன் ஜும்ஆ முடிந்ததும் சைக்கிளில் போய்விடுகிறான். திரும்பும்முன் வாய்க்கால் மண்ணைத் தொட்டுக் கையைக் கழுவிக்கொள்கிறான். எண்ணிக்கையைச் சத்தமாகச் சொல்லிக் கழுவுகிறான் என்று தோப்புக்காரர் சொன்னார்.

சென்ற வாரம் வேறொரு சகோதரர் அழைத்தார். கோல்டன் ரெட்ரீவர் குட்டி ஒன்று பார்த்து வைத்திருக்கிறாராம். மகளுக்கு மிகவும் ஆசையாம். கூடுமா, கூடாதா என்று ஒரே வார்த்தையில் சொல்லும்படி கேட்டார். இம்முறை நாம் ஒரே வார்த்தையில் சொல்லவில்லை. வீட்டில் தோட்டம் இருக்கிறதா, அதற்கு என்ன வேலை கொடுக்கப் போகிறீர்கள், காலையில் நடத்திச் செல்வது யார், உங்கள் மனைவியிடம் கேட்டீர்களா என்று நாம் கேட்டோம். முதல் மூன்று கேள்விகளுக்கு அவர் ஏதேதோ சொன்னார். நான்காவதற்கு, கேட்டுவிட்டு மீண்டும் அழைப்பதாகச் சொல்லி வைத்துவிட்டார்.